ஒரு படகின் முடிவு: கட்டுமரம் முதல் கண்ணாடியிழை வரை

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் அடுத்த வீட்டு அண்ணாச்சி, கைப்பேசியைக் காதில் வைத்தபடியே வாசலில் வந்து நின்றார். உவரிக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரை ஊர் அவருடையது. "தம்பி பேசுதான் சார். அவனே உங்ககிட்ட கேக்கணுமாம்" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"சார், பம்பாயில தாராவிக்காரங்க எதப் போட்டாலும் எடுத்துக்கிடுவாங்கன்னு சொல்லுதாங்க. எங்க பழைய ஃபைபர் போட்டை எடுப்பாங்களா? லாரி வாடகை நாங்க குடுத்திருதோம்."

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். எந்தக் கேள்விக்கும் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடும் பழக்கம் உண்டு. அன்று "விசாரித்துச் சொல்கிறேன்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. விசாரித்த கதையே இக்கட்டுரை. விசாரிக்கப் போனது ஒரு பழைய படகைப் பற்றி. தெரிந்துகொண்டதோ, நம் கடற்கரையில் படகுகள் பிறந்து வளர்ந்து முடிந்த வரலாற்றை.

முதலில் நாம் நிற்கும் மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. தாராவி என்றால் தோல் பதனிடுதல், குயவர் வாடை, குடிசைகள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆனால் 1909இல் வெளிவந்த பம்பாய் நகர கெஸட்டியர், பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது. மாகிம் கழிமுகத்தை ஒட்டிக் கோலி மீனவர்கள் படகு ஏற்றிய கரை அது. 1887இல் முதல் தோல் தொழிற்சாலை வந்ததாகச் சொல்வார்கள். நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நகரத்துக் குப்பையும் மண்ணும் கொட்டக் கொட்டச் சதுப்பு நிலம் மேடாகியது. கோலிவாடா இன்றும் இருக்கிறது, ஆனால் படகு போக அதற்குத் தண்ணீர் இல்லை. மராத்தி எழுத்தாளர் பாபுராவ் பாகுல் சிறுவயதில் வளர்ந்த லேபர் கேம்ப்பும் இந்தத் தாராவியின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஆகவே படகைப் பற்றிய கேள்வி நமக்கு அந்நியமானதன்று. படகு ஏற்றிய கரைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் அதைக் கேட்கிறோம்.

விசாரணை தேரா காம்பவுண்டில் தொடங்கியது. மாகிம் பக்கம் உள்ள இந்தப் பதின்மூன்றாம் காம்பவுண்டைப் பார்க்காதவர்கள் ஒருமுறையாவது பார்க்கவேண்டும். ஷாம்பு குப்பி, உடைந்த நாற்காலி, டெலிபோன் கூடு, ஆஸ்பத்திரி டப்பா எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். இது எந்த ஜாதிப் பிளாஸ்டிக் என்று அவர்களுக்கு எந்தப் பரிசோதனைக் கூடமும் சொல்லவேண்டியதில்லை. தட்டிப் பார்த்தால் வரும் சத்தம், தண்ணீரில் மிதக்கிறதா என்பது, ஒரு நுனியைக் கொளுத்தினால் எழும் வாசனை, இவை போதும். பிறகு கிரைண்டரில் அரைத்து, கழுவி, கூரைமேல் காயவைத்து, உருக்கி நூலாக இழுத்து, நறுக்கினால் 'தானா'. அந்த தானா புது வாளியாகவோ பொம்மையாகவோ மறுபிறவி எடுக்கும்.

அங்கே எனக்குத் தெரிந்த பங்கார் கடைக்காரர் ஒருவரிடம், படகிலிருந்து உடைந்த ஒரு சில்லைக் காட்டினேன். அண்ணாச்சியின் தம்பி பார்சலில் அனுப்பியது. கடைக்காரர் அதை வாங்கக்கூட இல்லை. பார்த்தவுடனே தலையாட்டிவிட்டார். "மாஸ்டர்ஜி, யே ஃபைபர் ஹை. இஸ்கா தானா நஹீ பன்தா." இதில் தானா ஆகாது, அவ்வளவுதான். அரைத்தால் கிரைண்டர் பிளேடு மழுங்கும், தூள் பட்டால் கையெல்லாம் அரிக்கும், விற்கவும் ஆளில்லை என்று மேலும் சொன்னார்.

ஏன் ஆகாது? பிளாஸ்டிக்கில் இரண்டு வகை. ஒன்று மெழுகைப் போன்றது. சூடாக்கினால் உருகும், ஆறினால் இறுகும், எத்தனை முறையும் உருக்கலாம். வாளியும் குடமும் அந்த வகை. மற்றது முட்டையைப் போன்றது. ஒருமுறை அவித்துவிட்டால் மறுபடி எத்தனை சூடாக்கினாலும் திரவமாகாது, கருகத்தான் செய்யும். ஃபைபர் படகு இரண்டாவது வகை. கண்ணாடியை முடியினும் மெல்லிய இழையாக இழுத்து, பாய்போலச் செய்து, அச்சின்மேல் விரித்து, பாலியெஸ்டர் ரெசினை பிரஷ்ஷால் தடவுவார்கள். ரெசினில் கலந்த கேட்டலிஸ்ட் வேலை செய்து சிறிது நேரத்தில் கல்லாக இறுகிவிடும். படகின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கண்ணாடி, மீதி ரெசின். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்பவை. பிரிக்க வழி கிடையாது. பிரியாமல் இருப்பதே அதன் பலம். படகுக்கு வயதான பிறகு அதே பலம்தான் தொல்லையாகிறது.

இந்த இடத்தில்தான் நம் முன்னோர் படகுகளை நினைத்துப் பார்த்தேன். கலம், நாவாய், வங்கம், திமில், அம்பி, தோணி என்று சங்க நூல்களிலேயே எத்தனை பெயர்கள்! படகு எப்படிக் கட்டப்பட்டது, எங்கே போயிற்று என்றெல்லாம் அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். படகு எப்படி முடிந்தது என்று எழுதியவர்கள் குறைவு. காரணம் எளிது. அது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை.

கட்டுமரத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் 'கட்டமரான்' என்று எடுத்துக்கொண்ட சொல் நம்முடையது. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே அதைக் காணலாம். பெயரிலேயே செய்முறை இருக்கிறது. மரங்களைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். ஆணி இல்லை, பசை இல்லை, கயிறு மட்டும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போடுவார்கள். நனைந்த மரம் கனக்கும், காய்ந்தால்தான் மறுபடி மிதக்கும். அதாவது கட்டுமரம் அன்றாடம் படகாகி, அன்றாடம் மரமாகப் பிரிந்தது. ஒரு மரம் உளுத்தால் அதை மட்டும் மாற்றுவார்கள். உளுத்தது அடுப்புக்குப் போகும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கப் போகும்.

சென்னைக் கரையில் துறைமுகம் வருமுன் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்த மசூலாப் படகும் அப்படியே. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலையடித்தால் உடையாது, வளைந்து கொடுக்கும். தையல் தளர்ந்தால் பிரித்துத் திரும்பத் தைப்பார்கள். சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு எழுதினார். நம்மவர்கள் கவனிக்காத நம் படகுகளை ஒரு வெள்ளைக்காரர் அத்தனை அக்கறையோடு பார்த்திருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துச் சென்ற தோணிகளும் மரத்தால் ஆனவையே. மரக்கலம் பழுதானால் ஆணியும் இரும்பும் இரும்புக் கடைக்கு, நல்ல பலகை வேறு வேலைக்கு, மற்றது விறகுக்கு. படகு செத்தால் ஊரில் நாலு பேருக்கு ஏதாவது கிடைக்கும்.

இரும்புக் கப்பலுக்கும் முடிவு உண்டு. அதைப் பார்க்க நாம் வெகுதூரம் போகவேண்டாம். ரே ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடந்தால் தாருகானா. (தாரு என்றதும் சாராயத்தை நினைக்கவேண்டாம். இங்கே அது வெடிமருந்து. வெடிமருந்துக் கிடங்கு இருந்த இடம்.) இந்தியக் கடற்படையின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1961இல் பணியில் சேர்ந்து, 1997 ஜனவரியில் ஓய்வுபெற்று, 2012 வரை மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. நம் பள்ளிப் பிள்ளைகளை நானே இரண்டு முறை அழைத்துப்போயிருக்கிறேன். 2014இல் ஏறக்குறைய 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய், தாருகானாவில் உடைக்கப்பட்டது. அதன் இரும்பில் ஒரு பகுதியை பஜாஜ் நிறுவனம் வாங்கி உருக்கி, 2016இல் 'வி' என்ற மோட்டார் சைக்கிளில் சேர்த்தது. வங்கக் கடலில் போரிட்ட கப்பல் இன்று யாரோ ஒரு பையனின் பைக்கில் பெட்ரோல் டாங்காக ஓடுகிறது. அதில் சிலருக்கு வருத்தம் உண்டு, எனக்கும்தான். இருந்தாலும் அந்த இரும்பு வீணாகவில்லை. குஜராத்தில் 1983 முதல் இயங்கும் அலங் கடற்கரை இதே தொழிலை உலக அளவில் செய்கிறது. உடைக்கும் தொழிலாளிகள் கைகால் இழந்த கதைகள் தனி. அதற்காகவே 2009இல் ஹாங்காங் உடன்படிக்கை எழுந்து, 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது 500 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கே. அண்ணாச்சி தம்பியின் முப்பதடிப் படகு அந்தக் கணக்கில் வராது.

மரத்துக்கு அடுப்பு உண்டு, இரும்புக்கு உலை உண்டு. ஃபைபருக்கு என்ன? இந்தக் கேள்வியைக் கேட்காமலே ஃபைபர் நம் கரைக்கு வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கண்ணாடியிழைப் படகு அமெரிக்காவில் 1940களில் பிறந்தது. நம் பக்கம் மரம் மலிவாக இருந்தவரை அதற்கு வேலையில்லை. 1957இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம், மரப்படகைப் புழுவிடமிருந்து காக்கக் கண்ணாடியிழை உறை போடுவதை ஆராய்ந்தது. பிறகு காடுகள் சுருங்கின, கட்டுமரத்துக்கான மரத்தின் விலை ஏறியது. 1979இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. துறைமுகமில்லாத மணல் கரையில் அலை தாண்டி ஏறி இறங்கக்கூடிய இயந்திரப் படகு வேண்டும் என்பது அதன் வேலைகளில் ஒன்று. கண்ணாடியிழையில் அப்படிப் பல மாதிரிகள் வந்தன. குமரி மாவட்டத்து முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியக்காரர் ஒட்டுப்பலகைப் படகுக்காகப் பாடுபட்டார். அந்த அனுபவத்தை 'சிறியது கடினம்' என்னும் பொருளில் தலைப்பிட்டு 1985இல் ஒரு நூலாகவே எழுதினார். தலைப்பை நான் ரசித்தேன். இவர்கள் எவரும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். கட்டுமரத்தில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து தண்டு வலித்த மனிதனுக்குக் காய்ந்த இடமும் இயந்திரமும் கிடைக்கவேண்டும் என்றுதான் உழைத்தார்கள். கிடைத்தது. அதைக் குறை சொல்ல நகரத்தில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு உரிமையில்லை.

ஆனாலும் 2004 டிசம்பர் 26 வரை ஃபைபர் மெதுவாகத்தான் பரவியது. அன்று காலை ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய எட்டாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. நாகப்பட்டினம் மாவட்டம் மட்டுமே ஆறாயிரம். கட்டுமரங்கள் தீக்குச்சிபோல் சிதறின. உலகமெங்கும் இருந்து பணம் வந்தது. மும்பைத் தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. லேபர் கேம்ப் சந்துகளில் நானும் உண்டியல் குலுக்கியவன். "மீனவனுக்குப் படகு" என்று சொன்னால் போதும், கூலிக்காரர் கூடப் பத்து ரூபாய் போடுவார். படகு என்பது கொடுப்பவருக்குப் புரிகிற பொருள், படம் எடுக்கவும் வசதி. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகு கொடுத்தன. கரையெங்கும் படகுப் பட்டறைகள் திடீரென முளைத்தன. அனுபவமில்லாத கைகள் அவசரத்தில் ரெசின் தடவின. தேவைக்கு மேல் படகுகள், தரமில்லாத படகுகள் என்று வல்லுநர்கள் அப்போதே எச்சரித்தார்கள். ஒரு படகுக்கு நான்கைந்து குடும்பம் என்று கூட்டுரிமையாகவும் கொடுத்தார்கள். காகிதத்தில் அது நன்றாக இருந்தது. கட்டுமரம் ஒரு மனிதனின் சொத்து. இதுவோ நாலு பேர் சொத்து. கூட்டு நிலைத்த ஊரும் உண்டு, உடைந்த ஊரும் உண்டு.

அண்ணாச்சி தம்பியின் படகு அப்படி வந்ததுதான். 2005இல் ஒரு நிறுவனம் நான்கு குடும்பத்துக்குச் சேர்த்துக் கொடுத்தது. எட்டு வருடம் கடலுக்குப் போயிற்று. மணலில் இழுத்து இழுத்து அடிப்பாகம் தேய்ந்தது, இரண்டு முறை ஒட்டுப்போட்டார்கள். பிறகு நடுவில் விரிசல் கண்டது. என்ஜினை விற்று நாலாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். கூட்டை யாரும் கேட்கவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக வலை காயப்போடும் இடத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. இப்போது ஊர்க் கமிட்டி அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டது. பங்காளிகளில் ஒருவர், ராத்திரியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்கிறார். இன்னொருவர், கல்லேற்றி இழுத்துப்போய் ஆழத்தில் அமிழ்த்திவிடலாம், மீன் அடையும் என்கிறார். தம்பிக்கு இரண்டும் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு பக்கத்து ஊரில் ஒரு படகைக் கொளுத்தினார்களாம். "கரும்பொகை சார். எங்க சின்னவனுக்கு ஏற்கெனவே இளைப்பு. ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம்." இதனால்தான் மனிதர் தாராவி வரை கேட்டிருக்கிறார்.

அவர் பயம் சரியானது. ரெசின் திறந்த வெளியில் எரிந்தால் கறுத்த நச்சுப்புகை வரும். எரிந்து முடிந்தாலும் கண்ணாடி எரியாது. சாம்பலோடு நுண்ணிய இழையாகக் காற்றில் பறக்கும், மணலில் கலக்கும். அதே மணலில்தான் மீன் காயவைக்கிறோம். புதைத்தால் மக்காது. அமிழ்த்தினால்? மரமோ இரும்போ கடலில் கரையும். ஃபைபர் கரையாது, பொடியும். இங்கிலாந்தின் சிசெஸ்டர் துறைமுகப் பகுதியில் கைவிடப்பட்ட படகுகளுக்கு அருகே எடுத்த சிப்பிகளில், ஒரு கிலோவுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துகள்கள் வரை இருந்ததாக 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மீன் அடையும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த மீன் எதைத் தின்னும் என்பதையும் பார்க்கவேண்டுமல்லவா?

பிற நாடுகள் என்ன செய்கின்றன? ஜப்பானில் 2005 முதல் படகு தயாரிப்போர் சங்கமே பழைய ஃபைபர் படகுகளை வாங்கி, நொறுக்கி, சிமெண்ட் ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. கட்டணம் படகுச் சொந்தக்காரருடையது. பிரான்சில் 2019இல் தொடங்கிய ஏற்பாடு இன்னும் நியாயமானதாக எனக்குப் படுகிறது. புதுப் படகு விற்கும்போதே அதன் கடைசிச் செலவுக்கென ஒரு தொகை எடுத்து வைத்துவிடுகிறார்கள். பழைய படகை ஒப்படைப்பவர் கொண்டுவந்து சேர்க்கும் செலவை மட்டும் பார்த்தால் போதும். இரண்டுமே பெரும்பாலும் பொழுதுபோக்குப் படகுக்காரர்களுக்கான ஏற்பாடுகள், நம் மீனவர்களின் பையைப் பார்த்துச் செய்தவை அல்ல. என்றாலும் வழி தெரிகிறது.

சிமெண்ட் ஆலை ஏன்? அதன் சூளைக்குள் சுண்ணாம்பும் களிமண்ணும் 1,450 டிகிரி வெப்பத்தில் கிளிங்கராக மாறுகின்றன. அந்தச் சூட்டில் ரெசின் முழுதும் எரிந்து, நிலக்கரிக்குப் பதிலாகக் கொஞ்சம் வெப்பம் கொடுக்கிறது. கண்ணாடி என்பது மணலும் சுண்ணாம்பும் அலுமினாவும்தானே. அது கிளிங்கரோடு கலந்து சிமெண்டாகிவிடுகிறது. தனியாகச் சாம்பல் மிஞ்சுவதில்லை. தேரா காம்பவுண்டில் தானா ஆகாத பொருள் இங்கே சிமெண்ட் ஆகிறது. இது நம் நாட்டுக்குப் புதிய செய்தியுமன்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இலேயே உருகாத வகைப் பிளாஸ்டிக்குக்கும் ஃபைபர் கழிவுக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சிமெண்ட் சூளையில் சேர்த்து எரிப்பதை அது முன்வைக்கிறது. அதற்கு வழியில்லாத இடத்தில்தான் முறைப்படி அமைத்த குப்பைக் கிடங்கு. எழுத்தில் இருக்கிறது. உவரிக் கரையில் அதைப் படித்துக் காட்ட ஆளில்லை.

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குச் சிமெண்ட் ஆலை தெரியாததல்ல. தாழையூத்து வழியாக ரயிலில் வராதவர் நம்மில் யார்? நானும் தென்மாவட்டத்து ஆலை ஒன்றுக்குப் பேசிப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் பதில் இது: "ஒரு படகுக்கெல்லாம் முடியாது சார். அளவாக நறுக்கி, குறைந்தது பத்து டன் சேர்த்தால் பார்க்கலாம். வாரிய அனுமதி உள்ளவர் மூலம் வரவேண்டும்." ஒரு படகு முக்கால் டன், மிஞ்சினால் ஒரு டன் என்று அண்ணாச்சி கணக்குச் சொன்னார். ஆக, தனி மனிதனால் பொறுப்பாக நடக்கவே முடியாதபடி விஷயம் அமைந்திருக்கிறது. கொளுத்துவதற்கு ஒரு தீக்குச்சி போதும், ஒழுங்காகச் செய்யப் பத்துப் படகு வேண்டும்!

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அதே சீமையில் ஆரல்வாய்மொழி கணவாயில், முப்பந்தலில், கயத்தாற்றில் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகளும் இதே கண்ணாடியிழைதான். 1986இல் தூத்துக்குடிப் பக்கம் தொடங்கிய காற்றாலைகளின் தலைமுறை இப்போது ஓய்வு பெறுகிறது. பழையவற்றை மாற்றிப் புதியவை நிறுவ 2024இல் தமிழ்நாடு அரசு கொள்கையே வகுத்தது. அந்த இறக்கைகளுக்கு ஒரு வழி பிறந்தே தீரவேண்டும், ஏனென்றால் அவற்றின் சொந்தக்காரர்கள் கம்பெனிகள். அதே லாரியில் மீனவன் படகுக்கும் ஓர் இடம் கொடுத்தால் என்ன? மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் நடக்கும் என்பது என் எண்ணம்.

தம்பிக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். தெரிந்ததைச் சொன்னேன். கொளுத்தவேண்டாம், அமிழ்த்தவேண்டாம். பதிவுச் சான்று இருந்தால் மீன்வளத் துறையில் எழுதிக்கொடுத்துப் பதிவை நீக்கவேண்டும். மானியம் போய்விடுமோ என்று பயந்து பலர் இதைச் செய்வதில்லை. டீசல் டாங்க், பாட்டரி, இரும்புக் கொளுவி எல்லாவற்றையும் முதலில் கழற்றி இரும்புக் கடைக்குக் கொடுக்கலாம். உள்ளே மிதவைக்காக அடைத்த நுரையைத் தனி மூட்டையாகக் கட்டவேண்டும். அறுப்பதென்றால் காற்றில்லாத நேரமாகப் பார்த்து, தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுக்கவேண்டும், தூள் எழக்கூடாது. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நல்ல முகமூடி. துண்டைச் சுற்றிக்கொண்டால் போதாது. பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது. மீந்துபோன ரெசின், கேட்டலிஸ்ட் டப்பா இருந்தால் அவற்றைக் குப்பையில் போடக்கூடாது, அவை அபாயக் கழிவு. அறுக்காமலே உபயோகிக்க முடிந்த பாகம் இருந்தால் உபயோகிக்கலாம், அதுவும் நல்ல முடிவுதான்.

அவர்கள் இந்தச் சித்திரையில் அறுத்தார்கள். முன்பாதி முழுசாக நின்றது. அதைக் கவிழ்த்து ஊர்க் கிணற்றடி மோட்டாருக்குக் கூரையாக்கிவிட்டார்கள். அணியத்தில் நீல எழுத்தில் கொடுத்தவர்கள் பெயர் பாதி தெரிகிறதாம். மற்றது பதினேழு மூட்டை. வலைக் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாயால் மூடிக் கிடக்கிறது. தம்பி சும்மா இருக்கவில்லை. சைக்கிளில் போய் மேற்கும் கிழக்குமாக நாலு ஊர்க் கரையில் செத்துக் கிடக்கும் ஃபைபர் படகுகளை எண்ணி வந்தார். இருபத்து மூன்று. பத்து டன்னுக்கு மேலேயே ஆயிற்று. அவற்றின் சொந்தக்காரர்கள் சார்பில் மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் கொடுக்க மனு ஒன்று நான் எழுதித் தந்தேன். வாத்தியார் எழுத்தல்லவா, மூன்று பக்கம் ஆகிவிட்டது. அண்ணாச்சி படித்துவிட்டு ஒரு பக்கமாகக் குறைக்கச் சொன்னார்.

மனுவோடு ஒரு பட்டியல். படகு, ஊர், நீளம், வந்த வருடம், உரிமையாளர் கையெழுத்து. வந்த வருடம் என்ற பத்தியில் பாதிக்கு மேல் 2005, 2006 என்றே இருக்கிறது. முதல் வரிசை தம்பியின் படகு. அதற்கு நான்கு கையெழுத்து வேண்டும். மூன்று போட்டாகிவிட்டது. நான்காமவர் குவைத்தில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.